எப்ப வருது, எப்ப போகுது

காணும் பொங்கலுக்கு முந்தின ராத்திரி அலங்காநல்லூரில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. தூங்க நினைப்பவனையும் வண்டிகள் விடாது. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் எங்கள் ஊர். சிவகங்கை, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்தெல்லாம் மாடுகளை ஏற்றிக்கொண்டு குட்டியானையும் பிக்கப்பும் 407-ம் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். போன தைக்கு ஊருக்குப் போனபோது மொட்டைமாடியில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு வண்டிக்கும் நோய் சொல்லிக்கொண்டிருந்தேன். இது டப்பெட் லூஸ். இது ஃபேன் பெல்ட். இதற்குக் கிளட்ச் பேரிங் போகப்போகிறது, ஓனருக்கு இன்னும் தெரியாது.

பின்னிரவில் ஒரு வண்டி காலியாகத் திரும்பிப் போனது. மாட்டை இறக்கிவிட்டது போலும். காலி வண்டியின் சத்தமே தனி. பாரம் இருந்தால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கிக்கொடுக்கும், வண்டி பல்லக்குப் போல அசைந்து போகும். பாரம் இல்லாவிட்டால் அதே பட்டைகள் விறைத்துக்கொண்டு சின்னக் கல்லுக்கும் பின்பக்கத்தைத் தூக்கிப் போடும். லொடலொட, கடகட. அந்தக் கடகடப்புக்கு நடுவே இன்னொரு சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. அது வராது என்று தெரியும். அந்தச் சத்தம் சித்தப்பாவின் வண்டியோடு போய்விட்டது.

சித்தப்பா அந்தப் பிக்கப்பை வாங்கியது 2006-இல். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் டாடா ஏஸ் வந்திருந்தது. இரண்டே சிலிண்டர். குட்டியானை என்று செல்லப்பெயர் வைத்து ஊரே அதை வாங்க அலைந்தபோது, சித்தப்பா வாடிப்பட்டியில் ஒரு தேங்காய் வியாபாரியிடமிருந்து நாலு சிலிண்டர் பழைய டீசல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கம்பெனிப் பெயர் எழுதிய தகடு எப்போதோ விழுந்திருந்தது. முன் ஆள் எழுதிவைத்த பெயரின் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தும், வெயில் பட்டால் அது மங்கலாக எழுந்து தெரியும். "ஏன்யா, புதுசா ஒரு குட்டியானை எடுத்திருக்கலாம்ல?" என்று அப்பா கேட்டதற்கு, "மயிலை நிக்க நீளம் வேணும்ணே" என்றார் சித்தப்பா. மயிலை அவருடைய புலிக்குளம் காளை. வருஷத்தில் நாலைந்து நாள் அதை வாடிவாசலுக்கு ஏற்றிப்போவதற்காக வாங்கிய வண்டி, மிச்ச நாளெல்லாம் கரும்புக் கரணையும் உர மூட்டையும் தேங்காயும் சுமந்தது.

வண்டியில் கோளாறு வந்தால் சித்தப்பாவுக்கு அதைச் சொல்லத் தெரியாது, நடித்துக் காட்டத்தான் தெரியும். பட்டறையில் போய் இறங்கியதும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, "கிர்ர்ர்... கிர்ர்ர்... டக்" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பாய் சிரிக்க மாட்டார். "டக்குங்கறது கிர்ருக்கு உள்ளயா, முடிஞ்சப்புறமா?" என்று கேட்பார். சித்தப்பா யோசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்து காட்டுவார்.

பாயின் பட்டறை சிக்கந்தர்சாவடி தாண்டி, குமாரம் வருவதற்கு முன்னால், புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. வாசலில் நட்டுக்குத்தலாக நிறுத்திய லாரி டயர் ஒன்றுதான் அடையாளம். பாய் அதன் மேல்தான் உட்காருவார். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். "ஓடட்டும்" என்பார். இன்ஜின் ஓடும், பாய் பீடியைப் பற்றவைப்பார். பீடி முடியும்வரை அவருக்கும் அந்த வண்டிக்கும் நடுவே யாரும் பேசக்கூடாது.

பிறகு கேள்விகள் வரும். காலையில ஸ்டார்ட் பண்றப்ப வருதா, சூடானப்புறம் வருதா? மேடு ஏறும்போதா, ஆக்சிலேட்டரை விடும்போதா? கிளட்ச் மிதிச்சா போகுதா? மிதிச்சா வருதா? சித்தப்பா ஒருமுறை பொறுமையிழந்து, "என்ன சத்தம்னு கேக்க மாட்டேங்கிறீகளே பாய்" என்றார். பாய் பீடித்துண்டைக் காலால் நசுக்கிவிட்டுச் சொன்னார்: "என்ன சத்தம்னு நீங்க சொல்றது நீங்க பயந்ததைத்தான் தம்பி. எப்ப வருது, எப்ப போகுது, அதைச் சொல்லுங்க. மிச்சத்தை வண்டி சொல்லும்."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி மெக்கானிக் படிப்பு இருக்கிறது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. குளிர்ந்த இன்ஜினில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டனைச் சந்தேகப்படலாம். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரோடு பொருந்திக்கொள்ளும், ஆட்டம் நின்றுவிடும். அதுவே சூடேறச் சூடேறக் கூடினால் கவலைப்பட வேண்டும். ஆயில் இளகி, பேரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் மிதித்தால் வரும் கிர்ர் ரிலீஸ் பேரிங். மிதித்தால் போய்விடும் கிர்ர் கியர் பாக்ஸுக்கு உள்ளே. ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்தும் பெல்ட்டின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தால், கத்தல் ஒரு கணம் வாயை மூடும். அதுவே சாட்சி. சத்தம் ஒன்றாகத்தான் இருக்கும், வேளைதான் வேறு.

டப்பெட் விஷயத்தைப் பாய் எனக்கு மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வு தட்டுவது 400 முறை. "பைய தட்டுனா மேல பாரு, வெரசா தட்டுனா கீழ பாரு." அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஐடிலிங்ல ரெட்ட ரெட்டயா தட்டுனா பிஸ்டன் பின்னு" என்றார்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இரட்டைக்கிளவி நடத்திக்கொண்டிருந்தார். சலசல, கலகல, மடமட. எப்போதும் இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்று அவர் சொன்னபோது எனக்குப் பாயின் பட்டறைதான் கண்ணில் தெரிந்தது. அங்கே பேச்சே இரட்டைக்கிளவிதான். கடகடன்னா பாடி, கரகரன்னா பேரிங், நறநறன்னா கியர், புஸ்புஸ்ஸுன்னா மேனிஃபோல்டு கேஸ்கட். "உதாரணம் சொல்லுடா" என்று அய்யா எழுப்பியதும், "டொக்டொக், அய்யா. பிஸ்டன் பின்" என்றேன். வகுப்பு சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. "டொக்கென்று ஒருமுறை சொன்னாலும் பொருள் வருதேடா?" என்றார். சனிக்கிழமை போய் பாயிடம் சொன்னேன். "ஒருதடவ தட்டுறதுக்கு என்னடா அர்த்தம் இருக்கு? திரும்பத் தட்டுனாத்தான் நோவு. உங்க வாத்தியாருக்கு இலக்கணம் தெரியல" என்றார்.

அவரிடம் ஒரு திருப்புளி இருந்தது. ஒரு முழ நீளம், மரப்பிடி. அதன் முனையை ஓடும் இன்ஜினின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொள்வார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு சிலிண்டராக நகர்த்துவார். 1816-இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அப்புறம் அதையே மரக்குழாயாகச் செய்துகொண்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. காலேஜில் இதைப் படித்துவிட்டு வந்து சொன்னபோது பாய் திருப்புளியின் பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அவரும் மரந்தானா?" என்றார். பாய் ஏன் காதுத் துளையில் வைக்காமல் எலும்பில் வைக்கிறார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

டீசல் இன்ஜின் தட்டத்தான் செய்யும் என்பது அவர் கட்சி. சத்தமே இல்லாத பெட்ரோல் காரிலிருந்து வருகிறவர்கள் டீசல் வண்டியைப் பார்த்துப் பயந்தால் கோபம் வரும். 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் சூத்திரம் அப்படி. பற்றவைக்க பிளக் கிடையாது, காற்றை நசுக்கிய சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். பீய்ச்சிய டீசல் அந்தக் கணமே பற்றாமல் ஒரு இமைப்பொழுது தயங்கும். தயங்கிய நேரத்தில் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் பற்றி வெடிக்கும். அந்த அடிதான் டீசலின் குரல். குளிரில் தயக்கம் அதிகம், அதனால் மார்கழி விடியலில் வண்டி கூடுதலாகக் கத்தும். "தயங்கினவன் அடிச்சா பலமாத்தான் அடிப்பான்" என்பார் பாய்.

பாய் தொழில் படித்தது மதுரையில், ஒரு பஸ் ஷெட்டில். அவருடைய உஸ்தாத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. மதுரையில் மோட்டார் என்றால் டி.வி.எஸ். 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அங்கேதான் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் பஸ் டயர்களைக் குத்திக்கொண்டே இருந்தனவாம். காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் விட்டு ஆணிகளைப் பொறுக்கினார்களாம். உஸ்தாத் சொன்ன கதை என்று பாய் சொல்லுவார். "மாடு உதிர்க்கும், மோட்டார் பொறுக்கும். கீழ விழுந்த இரும்பை எவன் பாக்குறானோ அவன்தான் தொழில்காரன்." உஸ்தாத் கொடுத்த ஒரு ரிங் ஸ்பேனர் அவரிடம் இருந்தது, 14-15. கை பட்டுப் பட்டு வெள்ளிக் கொலுசு போல வழவழப்பாகியிருந்தது. மற்ற ஸ்பேனர்களெல்லாம் தகர டப்பாவில் கிடக்கும். அது மட்டும் பாயின் கைலி மடிப்பில் இருக்கும்.

பட்டறையில் ஒரு பையன் இருந்தான். பாலமேட்டுப் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவன், பத்தாவதோடு படிப்பை விட்டவன். பாய் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவனைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். "படுறா" என்பார். அவன் பலகையில் காதை வைத்துக் குப்புறப் படுத்துக்கொள்வான். பெரியாற்றுக் கால்வாய்ப் பாலம் வந்ததும் பாய் ஜன்னலை இறக்கிவிட்டுக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓட்டுவார். சக்கரத்தின் சத்தம் சுவரில் மோதி ஜன்னல் வழியாகத் திரும்பி வரும், எந்தப் பக்கத்து வீல் பேரிங் என்று தெரிந்துவிடும். திரும்பி வந்து இறங்கியதும் பையன் முணுமுணுப்பாக ஏதோ சொல்லுவான். பாய் தலையாட்டிவிட்டுச் சித்தப்பாவிடம் தீர்ப்பு சொல்லுவார். தொழில் கற்றுக்கொள்கிற பையனுக்குப் பரீட்சை வைக்கிறார் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் எதிர்பார்த்துப் படுத்திருந்த அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். அது 'டிங்'. கோயில் மணியை விரல் நகத்தால் சுண்டியது மாதிரி, மெலிசாக, ஒற்றையாக வரும். தமிழய்யாவும் பாயும் ஒத்துப்போயிருக்கக்கூடிய ஒரே சத்தம் அது, இரட்டிக்கவே இரட்டிக்காது. மாடு ஏற்றியிருந்தால் வராது. இறக்கிவிட்டுத் திரும்பினால் வரும். தேங்காய் ஏற்றினால் வராது. பரவை மார்க்கெட்டிலோ மாட்டுத்தாவணியிலோ பாரத்தை இறக்கிவிட்டு வருகையில், ஏதாவது ஒரு பள்ளத்தில், டிங். எப்போதிலிருந்து அது எங்களோடு வந்தது என்று எனக்கு நினைவில்லை. சித்தப்பாவுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது, அதற்கும் பிறகு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் முதலில் அவிழ்ப்பது கோயில் காளை, முனியாண்டிக்குக் கும்பிடு போட்டுத்தான் எதுவும் நடக்கும். "பாரம் இல்லாதப்ப அவரு ஏறி உக்காந்துக்கிறாருடா. வண்டி காலியா வரக்கூடாதுல்ல" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு முனியாண்டி மேல் பக்தி உண்டு, ஆனாலும் பாயிடம் சொன்னேன். பாய் ஓட்டிப் பார்த்தார். கால்வாய்ப் பாலம்வரை போய்த் திரும்பினோம். எனக்கு மூன்று தடவை கேட்டது. ஒவ்வொரு தடவையும் "இப்ப, பாய்" என்றேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வந்து இறங்கியதும் டயரில் உட்கார்ந்து பீடியை எடுத்தார். "அது ஒன்னும் இல்ல. பாடிச் சத்தம். விட்ருங்க" என்றார். ஒன்றும் இல்லை என்று பாய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. சித்தப்பாவுக்குத் திருப்தி. சாமி சமாச்சாரத்தில் துலுக்கரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2015 தையிலும் 2016 தையிலும் வாடிவாசல் அடைத்துக் கிடந்தது. மயிலையை ஏற்ற வேலையில்லை. சித்தப்பா வண்டியையும் பெரும்பாலும் எடுக்கவில்லை. ஓடாத வண்டிக்கு ஓடுகிற வண்டியைவிட நோய் அதிகம். பேட்டரி செத்தது, பிரேக் பிடித்துக்கொண்டது, எலி ஒயரைக் கடித்தது. வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் ஓடவிட்டு அணைப்பார். மயிலை கட்டுத்தறியிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் காதை விடைக்கும். வண்டி கிளம்பாது. மாடு திரும்பப் படுத்துக்கொள்ளும். ஊரின் வேறு சத்தங்களும் பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. இப்போது சர்க்கரை ஆலையிலும் சில வருஷங்களாக அரவை இல்லை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ராவெல்லாம் உறுமிக்கொண்டு போன ரோடு அது.

2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் எங்கள் வாடிவாசல் முன்னாலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 23-ஆம் தேதி சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. பிப்ரவரி 9-இல் பாலமேடு, 10-இல் அலங்காநல்லூர் என்று நாள் குறித்தார்கள். பாலமேட்டுக்கு மயிலையை ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே இன்ஜின் தட்டத் தொடங்கியது. டொக்டொக், டொக்டொக். கனத்த சத்தம், கால் வைக்கிற பலகையில் அதிர்வு தெரிந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு, மறுபடி பிடித்து ஏற்றி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். மறுவாரம் டவுனில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார் சித்தப்பா. பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிஷம், "கிராங்க் போச்சுங்க. இன்ஜின் எறக்கணும்" என்றார்கள். அறுபதாயிரம் ஆகும் என்றார்கள். சித்தப்பா அங்கே நடித்துக்கூடக் காட்டவில்லை, அதற்கு அவர்கள் நேரம் கொடுக்கவில்லை.

பாய் பீடியைப் பற்றவைத்தார். முடித்தார். நாசிலுக்குப் போகிற நான்கு பைப்பின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். ஒரு நட்டைத் தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது, அங்கே வெடிப்பு நிற்கும். தட்டல் அந்த சிலிண்டரின் பேரிங்கில் இருந்தால் அப்போது அடங்கவோ குறையவோ வேண்டும். (பழைய மெக்கானிக்கல் பம்ப் என்பதால் செய்தார். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் யாரும் அந்த நட்டில் கை வைக்கக்கூடாது, ஆயிரம் பாரையும் தாண்டிய அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.) நான்கிலும் தட்டல் அப்படியே இருந்தது. பாயின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றி ஸ்டார்ட் செய்தால் சத்தம் கூடியது. "கேட்டீங்களா? இம்புட்டு நாளும் பெல்ட்டு இழுத்துப் பிடிச்சு வச்சிருந்துச்சு." கிராங்கின் மூக்கில் இருக்கும் புல்லியின் போல்ட் தளர்ந்து, கீ தேய்ந்து, புல்லி ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை கிராங்க் முழுக்கக் கடத்தி, இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து வருவது போலக் காட்டியிருந்தது. புதுக் கீ, புதுப் போல்ட், கூலியோடு ஆயிரத்துக்குள் முடிந்தது. "இரும்பு பொய் சொல்லும் தம்பி. இங்க அடிச்சா அங்க கேக்கும்" என்றார்.

அன்றைக்குப் போகும்போது நான் மறுபடி 'டிங்'கைப் பற்றிச் சொன்னேன். பாய் காதில் விழாதவர் போல டப்பாவில் எதையோ தேடினார். டப்பாவில் அந்த 14-15 இல்லை என்பதைப் பார்த்தேன். அது தொலைந்து அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தொலைந்த நாளில் நான் அங்கே இருந்தேன். 2013 ஆவணி. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் மாற்ற வண்டியை விட்டிருந்தோம். கிளட்ச் விடும்போதெல்லாம் அடியில் 'டக்'கென்று அடித்தது, சித்தப்பா அதைத் தோளைக் குலுக்கி அழகாக நடித்துக் காட்டியிருந்தார். மழை வருகிற மாதிரி இருந்ததால் பாய் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அவசரமாக முடித்தார். வெளியே வந்து கையைத் துடைத்து, கைலி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். ஸ்பேனர் இல்லை. கொட்டகையைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். அதற்கு முந்தின மாதம் பழைய பேரிங்குகளைப் பையன் காயலான் கடையில் போட்டுத் தின்பண்டம் வாங்கியதாக ஒரு பேச்சு இருந்தது. பாய் அவனைப் பார்த்தார். "உஸ்தாத் குடுத்ததுடா அது" என்றார். பையன் "நான் எடுக்கல பாய்" என்றான். ஒரு அடிதான். காதோரம் விழுந்தது. பையன் கையிலிருந்த வேஸ்ட் துணியை டயர் மேல் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தான். தூறல் விழுந்தது. அவன் திரும்பி வரவேயில்லை. சித்தப்பா கூலியைக் கொடுத்தார். நாங்கள் காலி வண்டியில் வீட்டுக்கு வந்தோம்.

பாய் 2021-இல் இறந்தார். மறு வருஷம் வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தோம். சித்தப்பா வரமாட்டேன் என்றுவிட்டதால் நான் போனேன். கேஸ் கட்டரால் போல்ட்டுகளை அறுத்து, பின்பாடியைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். சேஸிஸின் உள்மடிப்பில் பல வருஷத்துச் சேறும் கிரீஸும் அடை அடையாக இருந்தது. ஒரு ஆள் கடப்பாரையால் அதைத் தட்டிவிட்டான். ஏதோ நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது.

டிங்.

நான் அதை எடுக்கக் குனிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எண்ணைத் துடைத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. படுத்தபடி வேலை செய்தவர் கைக்கெட்டிய மடிப்பில் ஒரு கணம் வைத்திருக்கிறார். பாரம் இருக்கும்போது வண்டி அசைந்து போகும், அது சேற்றில் சும்மா கிடக்கும். காலி வண்டி குதிக்கும்போது அதுவும் எழும்பி விழும். எப்ப வருது, எப்ப போகுது என்று பாய் எல்லோரிடமும் கேட்டார், நாங்களும் சொன்னோம். எப்பயிருந்து வருது என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கும் மேல் அது சென்னையில் என் மேசையில் கிடந்தது. போன தைக்கு ஊருக்குப் போனபோது பையில் போட்டுக்கொண்டேன். பாலமேடு ரோட்டில் ஒரு பட்டறை இருக்கிறது. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டிக் கோளாறு எண்ணைப் படித்துச் சொல்கிறார்கள். சித்தப்பாவின் புது வண்டியும் அங்கேதான் போகிறது. அதில் சத்தமே இல்லை என்பது சித்தப்பாவின் குறை. பட்டறைக்காரருக்கு இப்போது முப்பது வயதிருக்கும். "வாங்கண்ணே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத் திருப்புளி கிடந்தது.

ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். ரொம்ப நேரம் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு ரிங்கின் முனையை வைஸில் லேசாகத் தட்டினார். டிங். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது பாய்க்குக் கேக்காதுண்ணே" என்றார். "கனத்த சத்தம் எல்லாம் எலும்புல வாங்கிருவாரு. மெலிசா வர்றது ஒன்னும் காதுல ஏறாது. நாப்பது வருசம் இன்ஜினுக்குப் பக்கத்துல நின்ன காது. அதுக்குத்தான் என்னய பின்னாடி படுக்க வைப்பாரு. வெளிய சொல்லாதடான்னு சொல்லியிருந்தாரு."

இரைச்சலில் உழைக்கிறவர்களின் காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸையொட்டிய மெல்லிய கூர்மையான சத்தங்களைத்தான் என்று பின்னால் படித்தேன். கனத்த சத்தம் கடைசிவரை தங்கும். பாலத்துச் சுவரோரம் நான் "இப்ப, பாய்" என்று மூன்று தடவை சொன்னபோது அவர் ஏன் ரோட்டையே பார்த்தார் என்று அன்றைக்கு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. அவருக்காகக் கேட்டுச் சொல்லுகிற காது அந்த நேரம் வேறெங்கோ இருந்தது.

"அந்தச் சத்தம் எப்பயிருந்துண்ணே வந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

"ஜாயின்ட் மாத்தின அன்னிக்கு ராத்திரியிலருந்துதான் இருக்கணும்" என்றேன்.

"நீங்க அந்த வண்டியிலதான போனீங்க?"

அவர் குரலில் கோபமில்லை. பாய் கேட்கிற மாதிரியே கேட்டார், ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கிற மாதிரி. நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது, பின்னால் ஒரு செவலைக் காளை. ஓட்டிவந்தவர் இறங்கி, "தம்பி, ஒரு மாதிரியா..." என்று தொடங்கினார். அவர் கையமர்த்தி, "ஓடட்டும்" என்றார். ஸ்பேனரைப் பேண்ட் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு இன்ஜின் பக்கம் நடந்தார்.

அன்று ராத்திரிதான் நான் மொட்டைமாடியில் படுத்து, போகிற வண்டிக்கெல்லாம் நோய் சொல்லிக்கொண்டிருந்தது. காலி வண்டியின் கடகட குமாரம் பக்கம் தேய்ந்து அடங்கியது. 2013 ஆவணியில் அதே ரோட்டில், வைப்பர் அடித்துக்கொண்டிருக்க, சித்தப்பாவும் நானும் ஒரு பேச்சும் பேசாமல் வந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அது கேட்டதா? கேட்காமல் இருந்திருக்காது. குமாரத்தைத் தாண்டி ஒரு பள்ளம் இருந்தது, எல்லா வண்டியும் அதில் ஒருதரம் குதித்துத்தான் வரும்.